களை பிடுங்கச் சொல்ற பிரசங்கிமார்களே, மம்பட்டி பிடிச்சிருக்கீங்களா?

முன்குறிப்பு: இது மதம் பரப்புற பதிவு இல்லை. மதத்தைத் திட்டுற பதிவும் இல்லை. ஞாயித்துக்கிழமை ஒழுங்கா சர்ச்சுக்குப் போற ஒருத்தன், அங்க திரும்பத் திரும்பக் கேக்கற ஒரு உவமை மேல வச்சிருக்கற சண்டை. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் தாராளமா படிக்கலாம். வீட்டுக்குப் பின்னாடி நாலு செடி வச்சிருக்கறவங்க கட்டாயம் படிக்கணும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நற்செய்திக் கூட்டம், உபவாச ஜெபம், உயிர்மீட்சிக் கூட்டம்னு எதுக்குப் போயிருந்தாலும் இந்தப் பிரசங்கம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். உங்க இருதயம் ஒரு தோட்டம். அதுல களை இருக்கு, பிடுங்கு. கர்த்தர் கிளையை நறுக்குவார், பொறுத்துக்கோ. விதையை விதை, நூறு மடங்கு அறுப்பாய். முக்கால் மணி நேரம், நடுவுல ரெண்டு பாட்டு, கடைசியில காணிக்கைப் பை. முடிஞ்சுது.

உவமை மேல எனக்குக் கோவம் கிடையாது. பைபிள்ல மனுஷனுக்குக் கிடைச்ச முதல் வேலையே தோட்ட வேலைதான் (ஆதியாகமம் 2ம் அதிகாரம்). உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்த மகதலேனா மரியாள் முதல்ல அவரைத் தோட்டக்காரர்னுதான் நினைச்சாங்க (யோவான் 20). நம்ம நாட்டுக்கு வந்த மிஷனரிகள்ல நிஜமாவே கையில மண் ஒட்டினவங்களும் உண்டு. 1776ல தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர் தமிழ் அகராதி தொகுத்தவர் மட்டும் இல்லை, ஊர் ஊரா அலைஞ்சு செடி சேகரிச்ச தாவரவியல்காரர். (ஐயர்னு சொன்னதும் குழம்பாதீங்க மக்களே, திருநெல்வேலிப் பக்கம் புராட்டஸ்டன்ட் பாதிரியாருக்கு அதுதான் பேரு.) செராம்பூர்ல வில்லியம் கேரி ஒரு பெரிய தோட்டமே வளர்த்தார். 1820ல தோட்டக்கலைக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சார். 1823 வெள்ளத்துல அந்தத் தோட்டம் அழிஞ்சு போச்சு. மனுஷன் மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சார்.

இவங்க தோட்டத்தை உதாரணம் சொன்னா கேட்டுக்கலாம். இப்போ சொல்றவங்கள்ல பாதிப்பேர் ஒரு கறிவேப்பிலைக் கன்னைக்கூடப் பிழைக்க வச்சதில்லைங்கறது அவங்க சொல்ற விதத்துலயே தெரியுது. தெரியாம சொன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா இந்த அரைகுறைத் தோட்டக்கலை மனுஷங்களைக் காயப்படுத்துது. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல களை

அமெரிக்க தியானப் புத்தகங்கள்ல ஒரு புல்வெளி வரும் பாருங்க. வீட்டு முன்னாடி ஒரே வகைப் புல், ஒரே உயரம், ஒரே பச்சை. வேற எது முளைச்சாலும் களை. சனிக்கிழமை ஆனா மெஷினை வச்சு வெட்டு. நம்ம ஆளுங்க அதை அப்படியே தமிழ்ல இறக்குமதி பண்ணிட்டாங்க. ஐயா, நம்ம வீட்டுப் புறவாசல் அப்படியா இருக்கு? முருங்கை ஒரு மூலையில, வாழை ஒரு மூலையில, கழுவுற தண்ணி போற இடத்துல சேம்பு, சுவரோரம் தானா முளைச்ச பப்பாளி. களைன்னு தூக்கிப் போடப் போனா பாட்டி ஓடி வந்து கையைப் பிடிக்கும்: "ஏல, அது கீழாநெல்லி. அது மூக்கிரட்டை. இது குப்பைக்கீரை, மத்தியானம் கடையலாம்." களைன்னு ஒரு செடிக்குப் பேர் கிடையாது. நமக்கு வேண்டாம்னு தோணுற இடத்துல வந்த செடிக்கு நாம வைக்கற பட்டம் அது.

அந்தப் பட்டத்தைப் பிரசங்க மேடையில யார் யாருக்குக் குடுக்கறாங்கன்னு கவனிங்க. சினிமா பார்த்தா களை. நகை போட்டா களை (சில சபைகள்ல). பூ வச்சா களை. வேற ஜாதிப் பையனைக் கட்டிக்கிட்ட பொண்ணு இருக்கே, அது பெரிய களை. எனக்குத் தெரிஞ்ச ஒரு சபையில அப்படி ஒரு பொண்ணுக்கு இராப்போஜனம் கொடுக்கறதை நிறுத்தினாங்க. பையனும் கிறிஸ்தவன்தான், ஞானஸ்நானம் எடுத்தவன்தான். கமிட்டியில பேசின பெரியவர் பயன்படுத்தின வார்த்தையே "களை எடுக்கறது"தான்.

இப்போ இயேசு சொன்ன களை உவமையை எடுத்துப் படிங்க, மத்தேயு 13. கோதுமை வயல்ல எதிரி களை விதைச்சுட்டுப் போயிடறான். வேலைக்காரங்க பிடுங்கட்டுமான்னு கேக்கறாங்க. எஜமான் வேண்டாம்கறார். களையைப் பிடுங்கறப்போ கோதுமையும் சேர்ந்து வந்துடும், அறுப்பு வரைக்கும் ரெண்டும் வளரட்டும்கறார். விவசாயம் தெரிஞ்சவர் பேச்சு அது. அந்த ஊர்க் களை, கதிர் விடற வரைக்கும் பார்க்க கோதுமை மாதிரியே இருக்கும். வேரும் பின்னிக்கும். அவசரக்காரன் கையில விட்டா வயலே காலி.

உடனே ஒருத்தர் வருவார், எனக்குத் தெரியும். "பிரதர், அந்த வயல் உலகம்னு 38ம் வசனத்துல இருக்கு, சபை இல்லை"ம்பார். இந்த வாதம் ஆயிரத்து அறுநூறு வருஷப் பழசு சார். வட ஆப்பிரிக்காவுல தொனாத்தியர்னு ஒரு கூட்டம், துன்புறுத்தல் காலத்துல பின்வாங்கின குருமார்களை ஏத்துக்க மாட்டோம், நாங்கதான் சுத்தமான சபைன்னு பிரிஞ்சு போனாங்க. கி.பி. 411ல கார்த்தேஜ் மாநாட்டுல அவங்க சொன்னதும் இதேதான். அகுஸ்தீன் ஒத்துக்கலை. சபையும் உலகம் பூரா பரவியிருக்கற வயல்தான், அதுலயும் ரெண்டும் கலந்துதான் இருக்கும்னார். (அதே அகுஸ்தீன் தொனாத்தியர் மேல அரசாங்க பலத்தை ஏவுறதையும் ஆதரிச்சார்ங்கறது வேற சோகம். களை பிடுங்காதேன்னு சொல்ற கையும் கடைசியில அரிவாளைத் தேடுது!)

1 கொரிந்தியர் 5ல பவுல் ஒருத்தனை விலக்கச் சொல்றாரேன்னு அடுத்த கேள்வி வரும். சொல்றார். 2 கொரிந்தியர் 2ல, தண்டிக்கப்பட்டவனை மன்னிச்சு ஆறுதல் சொல்லுங்க, துக்கத்துல மூழ்கிடப் போறான்னும் அவரே எழுதறார். ரெண்டும் ஒரே ஆள்தான்னு காலங்காலமா பலர் விளக்கம் சொல்லியிருக்காங்க. நம்ம கமிட்டிகளுக்கு முதல் கடிதம் மட்டும்தான் வந்து சேர்ந்தது போல.

நிஜக் களை எதுன்னு நான் சொல்லட்டுமா? கோரை. தோட்டம் வச்சவனுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். மேல பார்த்தா சாதுவான பச்சைப் புல். கீழ கிழங்கு. அந்தக் கிழங்குல இருந்து ஒரு தண்டு மண்ணுக்குள்ளயே ஓடி அடுத்த கிழங்கு, அதுல இருந்து இன்னொண்ணு, சங்கிலி மாதிரி. மேல பிடுங்கினா இலைதான் கையில வரும். அவசரமா கொத்தினா சங்கிலி அறுந்து, அதுவரைக்கும் தூங்கிட்டிருந்த கிழங்கெல்லாம் தனித்தனியா முளைக்கும்.

நம்ம சபைகள்ல கோரை எதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஜாதி. 1833லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள ஜாதி வித்தியாசம் உடனே ஒழியணும்னு எழுதினார். தென்னிந்திய சபைகள்ல எத்தனை பேர் கோவிச்சுக்கிட்டு வெளிய போனாங்கன்னு சபை சரித்திரம் படிச்சவங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளயே ஜாதியைப் பிரிக்க சுவர் இருந்தது. 1910ல இடிச்சாங்க. சுவரை இடிச்சாச்சு, கிழங்கு போச்சா? இன்னைக்கும் கிறிஸ்தவ மணமகன் தேவைன்னு வர்ற விளம்பரத்துல ஞானஸ்நானத்துக்குப் பக்கத்துலயே ஜாதிப் பேரும் நிக்குது. செத்தப்புறமும் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் வச்சிருக்கற ஊர் இருக்கு. இதைப் பத்தி எத்தனை "களை" பிரசங்கம் கேட்டிருக்கீங்க? நான் விரல் விட்டு எண்ணிடுவேன். அதுவும் ஒரு கை போதும். அந்தப் பொண்ணு சர்ச்சுல ஜாதியைத் தாண்டின ஒரே ஆளு. அவளைக் களைன்னு பிடுங்கிட்டு கோரைக்குத் தண்ணி ஊத்தறாங்க. என்ன கொடுமை சார் இது!

ரெண்டாவது, காலம்

"ஏழே நாளில் ஆவிக்குரிய வளர்ச்சி", "நாற்பது நாளில் மாற்றம்"னு போஸ்டர் அடிக்கறாங்க. வெண்டை விதை போட்டாக்கூட காய் பறிக்க ஒன்றரை மாசம் ஆகும்யா.

பழைய தமிழ் பைபிள்ல 92ம் சங்கீதம் நீதிமானைப் பனைக்கு ஒப்பிடுது. எபிரேயத்துல அது பேரீச்சை. மொழிபெயர்த்தவங்க நமக்குப் பனைன்னு போட்டாங்க. பனையேறிக் குடும்பங்கள்ல இருந்து வளர்ந்த திருநெல்வேலிச் சபைக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது. இப்போ பனை எப்படி வளருதுன்னு பாருங்க. கொட்டையைப் புதைச்சா முதல்ல மேல ஒண்ணும் வராது. முளை கீழ இறங்கும். மாசக்கணக்குல மண்ணுக்குள்ள கிழங்குதான் கட்டும், அப்புறம்தான் ஒத்தை ஓலை எட்டிப் பார்க்கும். ஆர்வக்கோளாறுல நடுவுல தோண்டிப் பார்த்தா பனங்கிழங்கு அவிச்சுத் திங்கலாம், மரம் கிடையாது. பாளை விடறதுக்குப் பன்னிரண்டு, பதினஞ்சு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். அதுவரைக்கும் ஆண்பனையா பெண்பனையான்னுகூட யாராலயும் சொல்ல முடியாது. ஆண்பனையாப் போனா நுங்கு இருக்காது, ஆனா பதநீர் குடுக்கும்.

இந்த மரத்தை நீதிமானுக்கு உதாரணமா வச்சிக்கிட்டு, ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாசம் ஆன பையனை மேடையில ஏத்தி "சாட்சி சொல்லு, உன்கிட்ட என்ன கனி தெரியுது?"ன்னு கேக்கறது நியாயமா? பாவம், அவன் கேட்டவங்க சந்தோஷத்துக்காக இல்லாத கனியெல்லாம் இருக்கற மாதிரி பேச ஆரம்பிக்கறான். பொய் சொல்லப் பழக்கறதே நாமதான்.

மாற்கு 4ல ஒரு குட்டி உவமை இருக்கு. விதைச்சவன் ராத்திரி தூங்கறான், பகல்ல எழுந்திருக்கறான், விதை எப்படி வளருதுன்னு அவனுக்கே தெரியாம வளருது. 'ஆவிக்குரிய வளர்ச்சிக்கு 7 படிகள்' புத்தகம் விக்கறவங்களுக்கு இந்த உவமை பிடிக்காது. இதுல படியே இல்லையே :-)

மூணாவது, விதை

இதுதான் வசூல் சப்ஜெக்ட். "ஆயிரம் ரூபாய் விதையுங்கள், நூறு மடங்கு வரும்." இந்த வியாபாரத்துக்கு மூலம் எங்கன்னா, ஓரல் ராபர்ட்ஸ்னு ஒரு அமெரிக்கப் பிரசங்கி. 1970ல 'விதை விசுவாசம்'ங்கற கருத்தைத் தலைப்பிலேயே வச்சு ஒரு புத்தகம் எழுதினார். டிவி வழியா உலகம் பூரா பரவி, நம்ம ஊர் மேடைக்கும் 'விதைப்புக் காணிக்கை'ன்னு வந்து சேர்ந்தது.

இதுக்கு ஆதாரமா 2 கொரிந்தியர் 9ஐக் காட்டுவாங்க. அதுக்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படிங்க. பவுல் வசூல் பண்றது எருசலேம்ல கஷ்டப்பட்ட ஏழைகளுக்கு. தன்னோட ஊழியத்துக்கு இல்லை, கார் வாங்க இல்லை, மேடைக்கு எல்இடி திரை கட்ட இல்லை. பணம் கொண்டு போறப்போ யாரும் குறை சொல்லக்கூடாதுன்னு கூட ஆளையும் சேர்த்து அனுப்பறார். அந்தப் பகுதி எப்பவும் பிரசங்கத்துல வராது!

இதைவிட ஒரு பெரிய கூத்து இருக்கு. விதைக்கறவன் உவமையில முள்ளுச்செடி நடுவுல விழுந்த விதை நெருக்கப்பட்டுப் போகுது இல்லையா, அந்த முள்ளு என்னன்னு இயேசுவே விளக்கம் குடுத்துட்டார். உலகக் கவலையும், செல்வத்தோட மயக்கமும். நாம யோசிச்சுக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் முள்ளுன்னு பேர் சொல்லிக் காட்டின அதே செல்வத்தை இவங்க அறுவடைன்னு சொல்லி விக்கறாங்க. மருந்துக் கடையில விஷ பாட்டிலுக்கு டானிக் லேபிள் ஒட்டி வித்தா விட்டுருவோமா? இங்க மட்டும் அல்லேலூயா சொல்றோம்.

பாதிக்கப்படறது யாருன்னா, இருக்கறவன் இல்லை. வட்டிக்கு வாங்கி "விதைச்ச" ஆளுங்க. நூறு மடங்கு வரலைன்னா பிரசங்கி ரெடியா வச்சிருக்கற பதில்: உங்க நிலம் சரியில்லை, விசுவாசம் பத்தலை. காசும் போச்சு, பழியும் அவன் தலையில.

கடைசியா, கவாத்து

இதை எழுதறப்போ கிண்டல் வரலை. மன்னிச்சுக்கோங்க.

எங்க சொந்தத்துல ஒரு அக்கா. பத்தொன்பது வயசுப் பையன், பைக் விபத்துல போயிட்டான். மூணாம் நாள் ஜெபத்துக்கு வந்த ஒருத்தர் யோவான் 15ஐ எடுத்துக்கிட்டார். கனி குடுக்கற கொடியைத்தான் ஆண்டவர் நறுக்குவார், அதிகமா கனி குடுக்கணும்னுதான் நறுக்கியிருக்கார், சந்தோஷப்படுங்கன்னு பேசினார். அக்கா ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் சர்ச்சுக்கும் வரலை. இப்போ அதே ஆளுங்க அவளுக்கு 'பின்மாற்றக்காரி'ன்னு பேர் வச்சிருக்காங்க.

கவாத்துன்னா என்னன்னு தெரியுமா ஐயா? மல்லிகைக்குக் கார்த்திகை, மார்கழியில பண்ணுவாங்க. காய்ஞ்சது, நோய் பட்டது, குறுக்க நெடுக்கப் போனதை எடுத்துட்டு, கூர்மையான கத்தரியால ஒரே வெட்டா வெட்டி, எரு வச்சுத் தண்ணி விடுவாங்க. வாடிக்கிட்டிருக்கற செடியில எவனும் கத்தரி வைக்க மாட்டான். ஒரு செடி செழிக்கறதுக்காகப் பக்கத்துல நிக்கற இளங்கன்னை வேரோட வெட்டறதுக்குப் பேர் கவாத்து இல்லை. அந்தப் பையன் அவளோட கிளை கிடையாது. அவன் ஒரு தனி மனுஷன். அம்மாவோட ஆவிக்குரிய வளர்ச்சிக்கு உரமாகறதுக்காக ஒரு பிள்ளையைக் கொல்ற தோட்டக்காரரை நான் பைபிள்ல பார்க்கலை.

வசனத்தையே எடுத்துக்கோங்க. தமிழ் பைபிள்ல அந்த இடத்துல இருக்கற வார்த்தை 'சுத்தம்பண்ணுகிறார்'. கிரேக்கத்துலயும் அந்த வினைச்சொல் சுத்தப்படுத்தறதுங்கற பொருள் உள்ளதுதான். அடுத்த வசனத்துலயே இயேசு அதே சொல்லோட தொடர்ச்சியா, நான் சொன்ன உபதேசத்தால நீங்க ஏற்கெனவே சுத்தமா இருக்கீங்கன்னு சீஷர்கள்கிட்ட சொல்றார். கத்தரி எதுன்னு அவரே சொல்லிட்டார், வார்த்தை. லாரி இல்லை.

அக்கா வீட்டுல இன்னொண்ணும் நடந்தது. எதிர்வீட்டு ஆச்சி ஒருத்தங்க. படிப்பு கிடையாது. காலையில வாரியலை எடுத்துட்டு வந்து இவங்க வாசலைப் பெருக்கிட்டு, புறவாசல் செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போயிடுவாங்க. வசனம் சொன்னதில்லை, அழாதேன்னும் சொன்னதில்லை. ரெண்டு மூணு மாசம் தினமும் இப்படி. அக்கா ஒரு நாள் தானா எழுந்து வந்து பூவாளியை வாங்கிக்கிட்டாங்க. சர்ச்சுக்கு இன்னும் வரலைதான். ஆனா ஆச்சி கூட உக்காந்து ராத்திரி ஜெபம் பண்றாங்க. இவங்களைப் பின்மாற்றக்காரின்னு சொல்றவங்க முதல்ல ஆச்சிகிட்ட பேசிட்டு வரட்டும்.

அப்போ என்னதான் பண்ணச் சொல்றே?

லூக்கா 13ல ஒரு அத்திமரம். மூணு வருஷமா கனி இல்லை. சொந்தக்காரர் வெட்டுங்கறார். தோட்டக்காரன் சொல்றான்: இந்த வருஷமும் இருக்கட்டும், நான் சுத்திக் கொத்தி எரு போடறேன், அப்புறம் பார்ப்போம். மரத்தை ஒரு வார்த்தை திட்டலை. மரத்துக்குப் பிரசங்கமும் பண்ணலை. வேலை முழுக்க அவன் தலையில ஏத்துக்கிட்டான். குனியணும், சாணி அள்ளணும், கை நாறும்.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஆவிக்குரிய வளர்ச்சியில மனுஷன் பண்ணக்கூடியது இவ்வளவுதான். பவுல் நட்டார், அப்பொல்லோ தண்ணி பாய்ச்சினார், விளையச் செஞ்சது தேவன்னு 1 கொரிந்தியர் 3 சொல்லுது. நமக்கு ஒதுக்கின வேலை நடறதும் தண்ணி ஊத்தறதும். நாம அந்த ரெண்டையும் விட்டுட்டு, எது களை, எது வளரலை, எதை நறுக்கணும்னு மேஸ்திரி வேலை பார்த்துக்கிட்டிருக்கோம்.

அதனால அடுத்த தடவை களை பிரசங்கம் பண்ண வர்ற ஐயரோ பாஸ்டரோ, சனிக்கிழமை சாயங்காலமே வந்துடுங்க. சர்ச் காம்பவுண்டுல, கல்லறைத் தோட்டத்துக்குப் போற வழியில கோரை மண்டிக் கிடக்கு. மம்பட்டி நான் கொண்டு வர்றேன். ஒரு மணி நேரம் சேர்ந்து குனிஞ்சு கிழங்கு தோண்டுவோம். அதுக்கப்புறம் மறுநாள் நீங்க என்ன பேசினாலும் முன்வரிசையில உக்காந்து கேக்கறேன்.

பி.கு.: அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காயைக் கௌரவத்துக்காகப் பல மடங்கு விலைக்கு ஏலம் எடுக்கற அண்ணாச்சிமார்கள் கோவிச்சுக்க வேண்டாம், இந்தப் பதிவு உங்களைப் பத்தினது இல்லை. உங்களைப் பத்தித் தனியா எழுதணும் ;-)